போனுக்கு உப்பு போட்டவர்

பாப்பா, சின்னவனே, பக்கத்து வீட்டில் குடியிருந்த பெரியப்பாவை உங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கும். அவர் பேச்சை எடுத்தாலே நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனால் அவர் விஷயத்தில் உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. வாயால் சொல்ல இரண்டு தடவை பார்த்தேன். ஒரு தடவை அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள், இன்னொரு தடவை நானே பேச்சை மாற்றிவிட்டேன். அதனால் எழுதுகிறேன். போனிலேயே படித்தாலும் சரி, நடுவில் வேறு எதையும் திறக்காமல் படியுங்கள்.

அவர் பெயரை எழுதமாட்டேன். "பேரை எங்கியும் எழுதாதப்பா, எழுதினா நெட்டுல ஏறிடும்" என்று அவரே சொல்லியிருக்கிறார். நோட்டில் பேனாவால் எழுதினால் எப்படி ஏறும் என்று கேட்டேன். "அது ஏறும்" என்றார்.

டேனரியில் அவருக்கு செலக்‌ஷன் மேஜை. பதப்படுத்தி முடிந்த தோலை விரித்துப் போட்டு, கண்ணால் ஒரு தடவை, கட்டைவிரலால் ஒரு தடவை பார்த்து, இது ஃபர்ஸ்ட், இது செகண்ட், இது ரிஜெக்ட் என்று பிரிக்கிற வேலை. ஆடு உயிரோடு இருந்தபோது முள் கீறினது, உண்ணி கடித்தது, உரித்தவன் கத்தி பட்டது, எல்லாம் அந்த விரலுக்குத் தெரியும். நான் அதே டேனரியில், தோலுக்குச் சாயம் அடிக்கிற ஸ்ப்ரே மெஷினில் இருக்கிறேன், இன்றைக்கும். தோல் விஷயத்தில் அவர் யார் பேச்சையும் நம்பமாட்டார். முதலாளியே பக்கத்தில் வந்து நின்று, "இது ஃபர்ஸ்ட்தானே?" என்று கேட்டாலும், விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

அப்படிப்பட்ட மனிதர் போனில் எந்தச் செய்தி வந்தாலும் நம்பினார். நம்பினார் என்பதுகூடச் சரியில்லை. தன் பெயருக்கு வந்த கடிதம் மாதிரி எடுத்துக்கொண்டார். எங்கேயோ இருக்கிற ஒருத்தன் மெனக்கெட்டு எழுதி அனுப்பியிருக்கிறான், அதற்கு நாம் ஏதாவது செய்யாவிட்டால் மரியாதை இல்லை என்பது அவர் கணக்கு. எனக்கு இந்த இரண்டு ஆளும் எப்படி ஒரே ஆளாக இருக்கிறார் என்பது அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

நாம் பேசுவதையெல்லாம் போன் ஒட்டுக் கேட்கிறது என்று ஒரு செய்தி வந்தது. பெரியம்மா அந்த வாரம்தான் மிக்ஸி சத்தம் போடுகிறது என்று சொல்லியிருந்தார்கள். மறுநாள் இவர் போனில் மிக்ஸி விளம்பரம் வந்துவிட்டது. இவர் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இல்லம்மா, நாங்க சும்மா பேசினோம். இப்போதைக்கு வாங்கற மாதிரி இல்ல. தீபாவளிக்குப் பாக்கலாம்" என்று பதில் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் முக்கியமான விஷயம் பேச வேண்டுமென்றால், போனை வெளியே கொண்டுபோய்த் துணி துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்து பேசுவார்கள்.

"மழை வந்தா இன்னா ணா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"மழை வந்தா முக்கியமா எதுவும் பேசறதில்லப்பா."

குடியாத்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு என் வண்டியில் போனோம். அவர் பின்னால் உட்கார்ந்து போனைக் கையில் பிடித்திருந்தார். அதிலிருந்து பெண் குரல், "இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்" என்றது. "சரிம்மா" என்றார் இவர். அது சொன்ன ஒவ்வொரு திருப்பத்துக்கும் "சரிம்மா" சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் பாலாற்று மணலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

"ணா, எதிர்ல ஆறு ணா."

"இருக்கட்டும். அந்தப் பொண்ணு நேரா போன்னு நாலு தடவ சொல்லுது. ஒண்ணும் இல்லாமயா சொல்லும்?"

"ஆத்துக்குள்ள எப்டி ணா வண்டி ஓட்டறது?"

"பாலாத்துல தண்ணி இல்லன்னு ஊருக்கே தெரியும். அதுக்குத் தெரியாதா?"

அக்கரை வரைக்கும் மணலில் இரண்டு பேரும் வண்டியைத் தள்ளினோம். வேட்டியெல்லாம் மண். நான் வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தேன். மண்டபத்தில் போய்ப் பார்த்தால், எங்களுக்கு முன்னால் பஸ்ஸில் கிளம்பின டேனரி ஆட்கள் ஒருவரும் வந்து சேரவில்லை. வழியில் ரோட்டை மறித்து ஏதோ வேலை நடக்கிறதாம், பஸ் சுற்றிக்கொண்டு வருகிறதாம். இவர் முதல் பந்தியில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தார். இலையில் தண்ணீர் தெளித்தார். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

போனில் செருப்பு விளம்பரம் வந்தால் படத்தைப் பெரிதாக்கி, அதன் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்ப்பார். "கழுத்துத் தோலு. சுருக்கம் பாரு. இத ஃபர்ஸ்ட்னு விக்கிறான்" என்பார். அப்படித் தேய்த்துத் தேய்த்தே ஒரு தடவை பெண்கள் போடுகிற செருப்பு ஒரு ஜோடி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. பெரியம்மா காலுக்கு அது சேரவில்லை. திருப்பி அனுப்பலாமே என்றேன். "நம்ம கைதானப்பா கேட்டுது" என்று வைத்துக்கொண்டார்.

தோலில் இருக்கிற குறையை இனிமேல் கேமராவே பார்த்துப் பிரித்துவிடும், ஆள் தேவையில்லை என்று ஒரு வீடியோ வந்தது. மதிய இடைவேளையில் எல்லோரும் கூடி நின்று பார்த்தோம். அவருக்கு வருத்தமாக இருக்குமே என்று முகத்தைப் பார்த்தேன். "சீக்கிரம் வரட்டும்பா. மூணு மணிக்கு மேல கண்ணு எரியுது" என்றார்.

சிரிக்கிறீர்கள் அல்லவா? சிரியுங்கள். ஆனால் அடுத்த செய்தி வந்தபோது அவர் சிரிக்கவில்லை. ஒருத்தருடைய குரலை அப்படியே திருடி, அவர் பேசுவது மாதிரியே பேசி, சொந்தக்காரர்களை ஏமாற்றுகிறார்கள் என்ற செய்தி அது. மகன் அழுகிற மாதிரி போனில் குரல் வந்ததாம், அது கேட்டதையெல்லாம் அப்பன் சொல்லிவிட்டானாம். அவர் மகன் கத்தாரில் ஏ.சி. மெக்கானிக். வாரம் ஒரு தடவை, வியாழக்கிழமை சாயங்காலம் நான்கிலிருந்து ஐந்துக்குள் கூப்பிடுவான். அந்தச் செய்தி வந்த பிறகு அவனிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். முதலில் பரீட்சை.

"நம்ம கெணத்துல விழுந்தது யாரு?"

"நைனா, நான் வெயில்ல நிக்கறேன் நைனா."

"யாரு விழுந்தது? சொல்லு."

"எதிர் வீட்டு ஆடு."

"இன்னா கலரு?"

"ஆடு செத்து பதினஞ்சு வருசம் ஆச்சு நைனா. வெள்ளை. ஒரு காது மட்டும் கறுப்பு."

"சரி. சாப்ட்டியா?"

அதற்குப் பிறகுதான் பேச்சு. பெரியம்மா தலையில் அடித்துக்கொள்வார்கள்.

இப்போது பாப்பாவுக்கு. உனக்கு நர்சிங் சீட் வந்த வாரம் நினைவிருக்கிறதா? உனக்கு அம்மை போட்டிருந்தது. உள் அறையில் வேப்பிலைக்கு நடுவில் படுத்திருந்தாய், கண்ணே திறக்க முடியவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டரில் போய் சீட்டை உறுதி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். உறுதி செய்ய என் நம்பருக்கு ஆறு எண் வரும், அதைப் போட வேண்டும். அப்பா பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றும் உன்னிடம் சொன்னேன். நடுவில் நடந்தது இதுதான்.

அந்தத் திங்கட்கிழமை, டேனரியில் கை கழுவக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து போன் தொட்டிக்குள் விழுந்தது. வீட்டில் நமக்கு இருந்தது அந்த ஒரு போன்தான். எடுத்துத் துடைத்தேன், விளக்கு வரவில்லை. நேராக அவரிடம் ஓடினேன். அவர் பதறவே இல்லை.

"இதுக்குச் செய்தி வந்துருக்குப்பா. நனஞ்ச போன அரிசிக்குள்ள வெச்சா அரிசி தண்ணிய இழுத்துடுமாம்."

"அப்ப வீட்டுக்குப் போய் அரிசில வெக்கறேன் ணா."

அவர் என்னைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

"அரிசி எவ்ளோ இழுக்கும்? இத எழுதினவன் தோல் வேல தெரியாதவன். அவனுக்கு வீட்ல அரிசிதான் இருந்துருக்கும், அரிசின்னு எழுதிட்டான். தண்ணி இழுக்கறதுல உப்ப மிஞ்சினது எது?"

பாப்பா, நீ படித்த பிள்ளை. அந்த இடத்தில் நீ இருந்திருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பாய். நான் இருபது வருஷமாகப் பச்சைத் தோலுக்குக் கல்லுப்பு போடுவதையும், அடியில் தண்ணீர் வடிந்து ஓடுவதையும் பார்த்தவன். ஒரு தோலிலிருந்து எவ்வளவு தண்ணீர் வரும் என்பது எனக்குத் தெரியும். அவர் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. இன்றைக்குக்கூட அதில் தப்பு எங்கே என்று சட்டென்று சொல்ல வரவில்லை.

குடோனிலிருந்து ஒரு டப்பா கல்லுப்பு கொண்டுவந்தார். பின் மூடியைக் கழற்றினோம். அப்புறம் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. தோலுக்கு உப்பு போடும்போது மயிர்ப் பக்கம் கீழே, சதைப் பக்கம் மேலே இருக்க வேண்டும். போனுக்கு எது சதைப் பக்கம்?

"கண்ணாடிதான் ணா வெளிய தெரியற பக்கம். அப்ப அதான் மயிர்ப் பக்கம்."

"கரெக்டு. பேட்டரி இருக்கறது சதை. பேட்டரிய மேல வை."

வைத்தோம். நன்றாகத் தேய்த்து, மூலை முடுக்கெல்லாம் உப்பு போகிற மாதிரி போட்டோம். மூன்று நாள் கணக்கு. வியாழக்கிழமை காலையில் எடுத்தால் சரியாக இருக்கும், சாயங்காலம் பாப்பா வேலையை முடித்துவிடலாம் என்று நானும் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

வியாழக்கிழமை காலையில் ரிப்பேர் கடைக்காரர் அதைத் திறந்து பார்த்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே எல்லாம் பச்சை பூத்திருந்தது.

"யாருங்க இத ஊறுகா போட்டது?"

"ஊறுகா இல்லப்பா, பதம் பண்ணோம்" என்றார் இவர்.

போன் செத்துவிட்டது. சிம் மட்டும் பிழைத்திருந்தது. துடைத்து வேறு போனில் போட்டால் வேலை செய்கிறது. ஆம்பூர் பஜாரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவரின் போனில் போட்டுக்கொள்கிறேன் என்றேன். பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். வேறு ஆள் போனில் சிம்மைப் போட்டால் அதில் இருக்கிறதையெல்லாம் உறிஞ்சிவிடுவான் என்று செய்தி வந்திருக்கிறதாம். தன் போனில் இரண்டு சிம் போடலாம், அதிலேயே போடு என்றார். போட்டுவிட்டு, சரி, போனைக் கொடுங்கள் என்றேன். அது முடியாது, வியாழக்கிழமை, மகன் கூப்பிடுவான், எடுக்காவிட்டால் பயந்துவிடுவான் என்றார். அவர் கூட வரவும் முடியாது. அன்று சென்னையிலிருந்து, தோல் வாங்குகிற பையருடைய ஆள் ஒரு லாட் தோலைப் பார்க்க வந்திருந்தார், செலக்‌ஷன் மேஜையை விட்டு நகரக் கூடாது.

"நீ போய் சென்டர்ல உக்காரு. நம்பர் வந்துதும் நான் படிச்சுச் சொல்றேன். இதுல இன்னா இருக்குது?"

அதில் என்ன இருக்கிறது என்பது எனக்கு நான்கு மணிக்குத் தெரிந்தது. அரை நாள் லீவு போட்டுவிட்டு சென்டரில் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரில் உன் பெயர் வந்தது, பட்டனை அழுத்தினோம். சென்டர்காரர் போனிலிருந்து அவரைக் கூப்பிட்டேன்.

"ஹலோ, வணக்கம். யாரு பேசறது? சாப்ட்டீங்களா?"

"ணா, நான்தான் ணா. நம்பர் வந்துச்சா?"

"வந்துச்சு. ஆறு நம்பரு."

"சொல்லுங்க ணா."

அவர் வாய்க்குள்ளேயே எதையோ எழுத்துக் கூட்டிப் படிப்பது கேட்டது.

"கீழ இன்னா போட்டுருக்கான் தெரியுமா? இதை யாரிடமும் சொல்லாதீர்கள்னு போட்டுருக்கான்."

"எனக்கு வந்தது ணா அது. என் சிம்மு."

"அது அவன் சிம்முதான். நீ யாரு?"

"ணா! என் குரல் தெரியலயா?"

"தெரியுது. அவன் குரல் மாதிரியே இருக்குது. அதான்பா பயமா இருக்குது."

என் சொந்தப் போனிலிருந்து ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டார். அது செத்துப்போய்விட்டதே ணா, இது வேறு ஆள் போன், அவசரம் என்றேன்.

"போன் போச்சு, இது வேற ஆளு போனு, அவசரம். செய்தில இன்னா போட்டுருந்தானோ ஒரு வார்த்த மாறாம அப்டியே சொல்றியேப்பா."

"என் பொண்ணுக்கு அம்மை போட்டுருக்குது ணா. காலைல நீங்கதான் வேப்பிலை ஒடச்சுக் குடுத்தீங்க."

"தெருவுக்கே தெரியும்."

"திங்கக்கிழம ரெண்டு பேரும் போனுக்கு உப்பு போட்டோமே! அது யாருக்கு ணா தெரியும்?"

"ரிப்பேர் கடைக்காரருக்குத் தெரியும்."

சென்டரில் இருந்தவர்கள் எல்லோரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குள் அந்த எண்ணுக்கு நேரம் முடிந்துவிட்டது. மறுபடியும் அழுத்தினோம், மறுபடியும் கூப்பிட்டேன்.

"இப்ப வேற நம்பர் வந்துருக்குது. ஒரே நாள்ல எத்தன பேருப்பா கேக்கறீங்க?"

மணி நான்கு இருபது. எனக்கு அழுகை வந்துவிட்டது, பாப்பா. அத்தனை பேர் முன்னால். நான் பத்தாவதோடு நின்றவன். உன் அம்மா ஒன்பதாவது. நம் இரண்டு பக்கத்திலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நீயாகத்தான் இருக்கப் போகிறாய் என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன். "ணா, அஞ்சு மணிக்கு மூடிடுவான் ணா. பாப்பா படிப்பு போய்டும் ணா" என்று கத்தினேன்.

"அழுவற மாதிரியும் பேசுமாம்" என்றார் மெதுவாக. லைன் கட்டாகிவிட்டது.

மறுபடியும் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இன்னொரு தடவை. எடுக்கவில்லை. ஒரு கால் மணி நேரம் அப்படியே போனது. கடைசியில் சென்டர்காரர், "நீங்களே டேனரிக்குப் போய் போனப் புடுங்கிட்டு வாங்க, நான் இத மூடாம வெச்சிருக்கேன்" என்றார். நான் வெளியே ஓடி வண்டியில் சாவியைப் போட்டேன். அப்போது எதிரே ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. பின்னால் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து அவர் இறங்கினார். மேஜை வேலைக்குக் கட்டுகிற ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், அதில் தண்ணீர் நிரம்பியிருக்கிற மாதிரி.

வந்தவர் என் வலது கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். உள்ளங்கையில் கட்டைவிரலை வைத்து அழுத்தி இழுத்தார். ஸ்ப்ரே மெஷினில் மாட்டிக் கிழிந்த தழும்பு இருக்கிறதே, அதன் மேல் விரல் நின்றது. அப்புறம் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"நீதான்" என்றார்.

உள்ளே போனோம், மறுபடியும் அழுத்தினோம். எண் வருவதற்காகக் காத்திருந்தபோது போன் அடித்தது. மகன், கத்தாரிலிருந்து. எடுத்தார். ஆட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "நல்லா இருக்கேன், அப்பறம் பேசு" என்று சொல்லி வைத்துவிட்டார். எண் வந்தது. ஒவ்வொரு எண்ணாகச் சத்தம் போட்டுப் படித்தார், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி. ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சீட் உறுதி செய்யப்பட்டது என்று கம்ப்யூட்டரில் வந்தது. அவர் அதைப் பார்த்து, "ரொம்ப நன்றிப்பா" என்றார். கம்ப்யூட்டரிடம்.

இதில் உனக்குச் சொன்னது கொஞ்சம்தான். ஓடிபி சொல்லமாட்டேன் என்ற பெரியப்பா கதையை மட்டும் சிரிப்பாகச் சொன்னேன். நீயும் ஹாஸ்டலில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாய். அவர் வந்தது எந்த மாதிரி வேலையை விட்டுவிட்டு என்று நான் சொல்லவே இல்லை.

பையருடைய ஆள் அரை மணி நேரம் ஆளில்லாத மேஜைக்கு முன்னால் நின்றிருக்கிறார். கோபப்பட்டு லாட்டைப் பார்க்காமலேயே கிளம்பிப் போய்விட்டார். மறுநாள் மேனேஜர் இவரைச் செலக்‌ஷனிலிருந்து எடுத்துப் பச்சைத் தோல் குடோனுக்குப் போட்டுவிட்டார். லாரியில் வந்து இறங்குகிற தோலுக்கு உப்பு தள்ளுகிற இடம். எங்கே போனாய் என்று கேட்டதற்கு, சொந்த வேலை என்று மட்டும் சொன்னாராம்.

நான் மேனேஜரிடம் போய், எனக்காகத்தான் போனார், என் மகளுக்காகத்தான் போனார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உன் படிப்பு அப்போதுதான் ஆரம்பிக்கிறது, என் வேலைக்கும் ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்தேன். இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளினேன். தினமும் குடோன் வழியாகத்தான் ஸ்ப்ரே செக்‌ஷனுக்குப் போக வேண்டும். "இங்க நெழலா இருக்குதுப்பா, கண்ணு எரியல" என்பார். எனக்கு ஆறுதல் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று தெரியவில்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "ணா, அன்னைக்கு போன்ல பேசினது நான்தான்னு உங்களுக்கு நிஜமாவே தெரியலயா?"

அவர் உப்புக் கையை ஏப்ரனில் துடைத்தார். "கறுப்பு உப்பு சாப்ட்டா முட்டி வலி போய்டும்னு இன்னைக்கு ஒரு செய்தி வந்துருக்குது, பாத்தியா?" என்றார்.

நாலு மாசத்தில் முட்டி வலி என்று வேலையை விட்டுவிட்டு, மகள் வீட்டோடு தர்மபுரிப் பக்கம் போய்விட்டார்கள். பழைய நம்பரைத் திருடுகிறார்கள் என்று ஏதோ செய்தி வந்ததோ என்னவோ, நம்பரையும் மாற்றிவிட்டார். கூப்பிட்டால் வேறு யாரோ இந்தியில் பேசுகிறார்கள்.

போன வாரம் டேனரியில் ஏதோ ஆடிட் என்று, வாட்ச்மேன் ரூம் பரணில் இருக்கிற பழைய கேட் நோட்டுகளையெல்லாம் இறக்கி அடுக்கச் சொன்னார்கள். நடு ஷிப்டில் யார் வெளியே போனாலும் அந்த நோட்டில் அவரவர் கையாலேயே எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். அடுக்கிக்கொண்டிருந்தவன் அந்த வருஷத்து நோட்டைப் பிரித்தேன். அந்த வியாழக்கிழமையைத் தேடிக் கண்டுபிடித்தேன். அவர் கையெழுத்து சாய்ந்து சாய்ந்து போகும், பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. வெளியே போன நேரம், நான்கு இருபத்தி இரண்டு. நான் அழுது லைன் கட்டாகி இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. காரணம் என்ற கட்டத்தில், "பக்கத்து வீட்டுப் பொண்ணு காலேஜ் விஷயம்" என்று எழுதியிருந்தார்.

அப்படியென்றால் கேட்டுக்கு வரும்போதே அது நான்தான் என்று தெரிந்திருக்கிறது. தெரிந்திருந்தால் போனிலேயே சொல்லியிருக்கலாமே? அந்த ஆறு எண்ணுக்காக மேஜையை விட்டு, மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து, மூன்று கிலோமீட்டர் ஏன் வர வேண்டும்? வந்தவர் என் கையைப் பிடித்து ஏன் பார்க்க வேண்டும்? ஒரு வாரமாக யோசிக்கிறேன். யாரிடமும் சொல்லாதே என்று எழுதினவனுக்கும் மரியாதை கொடுத்தார், எனக்கும் கொடுத்தார் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. இன்னொரு நேரம் அதுவும் சரியாகப் படவில்லை. உங்களுக்கு ஏதாவது புரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

அந்த வரிசையில் இன்னொரு கட்டம் இருந்தது. அனுமதி கொடுத்தவர். மற்ற எல்லா வரியிலும் ஏதோ ஒரு சூப்பர்வைசர் கையெழுத்து இருந்தது. அவர் வரியில் மட்டும் காலியாக இருந்தது. வாட்ச்மேன் லாரிக்கு கேட் திறக்கப் போயிருந்தார், ரூமில் வேறு யாரும் இல்லை. நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்த பேனாவை எடுத்து, அந்தக் கட்டத்தில் என் முழுப் பெயரையும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, மை காயும் வரைக்கும் ஊதிக்கொண்டு நின்றேன்.